பின்பக்கத்தில் ஒரு பெயர்

பழைய வெண்கலப் பதக்கம் கைக்கு வந்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முன்பக்க அச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பின்னால் ஒரு மாணவியின் பெயரும் வருடமும் இருந்தால் அது வேறு. நேற்று வந்ததில் பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கிப் பொறித்திருக்கிறார்கள். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தேடுவது அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு நற்குடிமைக்காகக் கொடுத்தவை. 1889-ல் தொடங்கிய 'அமெரிக்கப் புரட்சியின் மைந்தர்கள்', 1890-ல் தொடங்கிய 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்ற இரண்டு சங்கங்களின் பதக்கங்கள்தான் என்னிடம் அதிகம். ஓட்டப்பந்தயத்துக்கு இல்லை, நல்ல நடத்தைக்குக் கிடைத்த பதக்கம்! அதனால்தான் இவ்வளவு பிரியம்.

சேர்க்கிறவர்கள் தயவுசெய்து இவற்றைத் தேய்க்காதீர்கள். என் முதல் பதக்கத்துக்குப் பாலிஷ் போட்டேன். ஐந்தே நிமிடம், அந்தப் பழுப்புப் படலம் போயே போய்விட்டது. பொறித்த பெயரும் மங்கியது. இன்றும் மனசு ஆறவில்லை. வெளிர்பச்சையாகப் பொடி பூத்தால் உடனே தனியாக எடுத்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அப்புறம், பிவிசி உறை வேண்டவே வேண்டாம்.

நேற்று வந்த பதக்கத்துக்குரியவரின் வீட்டார் யாராவது தேடி வந்தால் கொடுத்துவிடுவேன். அதுவரை என்னிடம் பத்திரமாக இருக்கும்.