'பிறகு'ன்னு ஒரு பட்டன்

போன வாரம் ராத்திரி அம்மா கூப்பிட்டாங்க. "ஏன்டா, போன்ல என்னமோ புதுசா வந்திருக்காம், இப்பவே போடவான்னு கேக்குது, அமுக்கிரவா?" சாப்பிட்டுட்டு இருந்தவன் பதறிப்போய் "வேணாம்மா, தொடாத, கீழ 'பிறகு'ன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அத அமுக்கு"ன்னுட்டேன். போன வெச்சப்புறம் தான் உறைச்சுது, எதுக்கு வேணாம்னு சொன்னேன்? வந்தது மாசாமாசம் வர்ற செக்யூரிட்டி பேட்சா (பாதுகாப்பு ஓட்டைய அடைக்கிற சின்ன திருத்தம்) இல்ல ஆண்ட்ராய்டே மொத்தமா மாறுதா, எதையுமே கேக்காம வாய்க்கு வந்தத சொல்லியிருக்கேன். சூடு கண்ட பூனை கதை தான்.

சூடு எங்க பட்டுச்சுன்னு சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்னாடி லேப்டாப்ப புது வெர்ஷனுக்கு மாத்தினேன். எல்லாம் நல்லா தான் போச்சு, நானும் ரெண்டு நாள் ஜம்முன்னு புது வால்பேப்பர பாத்துட்டு இருந்தேன். மூணு வாரம் கழிச்சு ஒரு பழைய பத்திரத்த ஸ்கேன் பண்ணி அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும், ஸ்கேனர சொருகினா விளக்கு எரியுது, உள்ள மோட்டார் ஒரு தடவ 'கிர்ர்'னு நகர்ந்து நிக்குது, ஆனா கம்ப்யூட்டர் அத ஏதோ 'தெரியாத சாதனம்'னு மஞ்ச முக்கோணம் போட்டு காட்டுது. அந்த கம்பெனி சைட்டுல போய் பாத்தா என் மாடலுக்கு பழைய வெர்ஷனோட டிரைவர் (ஸ்கேனரையும் கம்ப்யூட்டரையும் பேச வெக்கிற சாப்ட்வேர்) நிறுத்திட்டாங்க, புதுசுக்கு எழுதவே இல்ல. சரி பழைய வெர்ஷனுக்கே திரும்பி போயிடலாம்னு செட்டிங்ஸ திறந்தா, திரும்பி போற பட்டன் மங்கிப்போய் கெடக்குது. கெடு முடிஞ்சுபோச்சாம். கடைசில போன்ல போட்டோ எடுத்து, ஓரம் வெட்டி, கோணலா ஒரு பிடிஎஃப் அனுப்பினேன்.

அதுக்கப்புறம் நான் கேக்குற கேள்வியே மாறிடுச்சு. புது வெர்ஷன் நல்லா இருக்கா, வேகமா இருக்கா, அதெல்லாம் அப்புறம். பிடிக்கலன்னா திரும்பி வர வழி இருக்கா, எத்தன நாள் இருக்கு, இது தான் மொத கேள்வி. இதுக்கு ஒவ்வொரு சிஸ்டத்துலயும் பதில் வேற வேற, பல பேருக்கு தெரியறதில்ல, எனக்கும் அப்ப தெரியாது.

விண்டோஸ்ல பெரிய அப்கிரேட் போட்டா பழசு மொத்தத்தையும் 'விண்டோஸ்.ஓல்ட்'னு ஒரு ஃபோல்டர்ல எடுத்து வெச்சுக்கும், சாதாரணமா 10 நாள். அதுக்குள்ள திரும்பணும்னா ஒரு பட்டன் தான். 10 நாள் தாண்டினா அதுவே அழிச்சுடும், இல்ல நாமளே 'இடம் அடைக்குதே'ன்னு டிஸ்க் கிளீனப்புல டிக் போட்டு முன்னாடியே அழிச்சுடுவோம் (பண்ணாதீங்க). அதனால அப்கிரேட் போட்ட அந்த 10 நாளுக்குள்ள வீட்டுல இருக்குற பிரிண்டர், ஸ்கேனர், வருஷத்துக்கு ஒரு தடவ திறக்குற அந்த கணக்கு சாப்ட்வேர் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு ஓட்டி பாத்துடணும். நான் தினமும் தொடுறத மட்டும் பாத்துட்டு எல்லாம் ஓகேன்னு இருந்துட்டேன், மாட்டினது எப்பவாச்சும் தொடுற சாமான்ல.

ஐபோன்ல வழி இன்னும் குறுகல். பழைய ஐஓஎஸ்க்கு (ஐபோனோட சிஸ்டம்) 'இத போடலாம்'னு ஆப்பிள் டிஜிட்டல் கையெழுத்து போட்டுட்டு இருக்குற வரைக்கும் தான் திரும்ப முடியும், புதுசு வந்து சில நாள், மிஞ்சிப்போனா சில வாரத்துல அந்த கையெழுத்த நிறுத்திடுவாங்க, அப்புறம் கதவு சாத்தின மாதிரி தான். இதுல இன்னொரு கண்ணி இருக்கு, புது ஐஓஎஸ்ல எடுத்த பேக்கப்ப பழைய ஐஓஎஸ்ல ஏத்த முடியாது, அதனால மாத்துறதுக்கு முன்னாடி எடுத்த பேக்கப் தனியா கம்ப்யூட்டர்ல இருந்தா தான் திரும்பி வந்ததுக்கு அர்த்தம். மேக்ல திரும்பலாம், ஆனா டிஸ்க்க மொத்தமா அழிச்சுட்டு பழசு போட்டு பேக்கப்புல இருந்து எடுத்து வெக்கணும், ஒரு ஞாயித்துக்கிழம போச்சு. ஆண்ட்ராய்டுல முக்காவாசி போன்ல திரும்பறதுன்னா டேட்டா எல்லாம் அழியும், சில போன்ல திரும்பவே விடாது. புது ஆண்ட்ராய்டு போன்கள்ல சிஸ்டத்துக்கு ரெண்டு இடம் இருக்கும், புதுசு ஒரு பக்கம் ஏறும், பூட் ஆகலன்னா தானா பழைய பக்கத்துக்கு வந்துடும், ஆனா அது போன் செத்துப்போய் வெறும் செங்கல் ஆகாம இருக்க தான், உங்களுக்கு ஐகான் பிடிக்கலன்னா திரும்பறதுக்கு இல்ல.

ஆக கம்ப்யூட்டர்ல கொஞ்சம் துணிஞ்சு போடலாம், போன்ல யோசிச்சு போடணும். நாம பண்றது தலைகீழ், போன்ல ராத்திரி தூக்க கலக்கத்துல 'சரி'ன்னு அமுக்கிட்டு படுத்துடறோம், கம்ப்யூட்டர்ல மூணு வருஷம் இழுத்தடிக்கிறோம்.

அப்டேட் வேற, அப்கிரேட் வேற, இத குழப்பிக்காதீங்க. சின்ன பேட்ச் வந்தா அப்டேட், வெர்ஷனே மாறினா அப்கிரேட். 2017 மே மாசம் வான்னாகிரைன்னு ஃபைல பூட்டி பணம் கேக்குற வைரஸ் உலகத்தையே ஆட்டி வெச்சுதே, இங்கிலாந்துல ஆஸ்பத்திரியெல்லாம் முடங்குச்சே, அது உள்ள நுழைஞ்ச ஓட்டைய அடைக்கிற பேட்ச மைக்ரோசாப்ட் அந்த வருஷம் மார்ச்லயே குடுத்துட்டாங்க. அடி வாங்கினதுல பெரும்பாலும் விண்டோஸ் 7, அதுக்கு அப்ப சப்போர்ட் இருந்துச்சு, 2020 ஜனவரி வரைக்கும் இருந்துச்சு. விண்டோஸ் 10க்கு மாறியே ஆகணும்னு அவசியமில்ல, வந்த பேட்ச போட்டிருந்தா அந்த ஓட்டை அடைஞ்சிருக்கும். அதனால சின்ன செக்யூரிட்டி பேட்ச் வந்தா நான் ரெண்டு மூணு நாளுக்குள்ள போட்டுடுவேன், யோசிக்கிறதே இல்ல.

சின்னதுலயும் சொதப்பல் நடக்காம இல்ல. 2014 செப்டம்பர்ல ஐஓஎஸ் 8.0.1 வந்துச்சு, ஐபோன் 6 வெச்சிருந்தவங்களுக்கு சிக்னலே போயிடுச்சு, கைரேகையும் வேல செய்யல, ஒரு மணி நேரத்துல ஆப்பிள் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, மறுநாளே 8.0.2 விட்டாங்க. அந்த ஒரு மணி நேரத்துல அமுக்கினவன் மட்டும் மாட்டினான், அதுக்கு தான் அந்த ரெண்டு மூணு நாள்.

பெருசு வந்தா கத வேற. 2018 அக்டோபர்ல விண்டோஸ் 10க்கு வந்த பெரிய வெர்ஷன் சில பேரோட டாக்குமெண்ட்ஸ், போட்டோ ஃபோல்டரையே காலி பண்ணிடுச்சு. சில நாள்ல நிறுத்திட்டு நவம்பர்ல தான் திரும்ப விட்டாங்க. கொடுமை என்னன்னா வெளியிடறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணவங்க ஃபைல் காணோம்னு எழுதியிருக்காங்க, யாரும் கவனிக்கல. உபுண்டுகாரங்க (லினக்ஸ்ல ஒரு வகை, விண்டோஸ் மாதிரி இலவசமா கெடைக்கிற சிஸ்டம்) இந்த விஷயத்துல நேர்மையா இருக்காங்கன்னு எனக்கு தோணும். ரெட்டப்பட வருஷம் ஏப்ரல்ல புது எல்டிஎஸ் (பல வருஷம் பேட்ச் வர்ற வெர்ஷன்) வரும், ஆனா பழைய எல்டிஎஸ்ல இருக்குறவங்கள அப்பவே 'மாறிக்கோ'ன்னு கேக்க மாட்டாங்க, .1ன்னு மொத திருத்தம் வந்தப்புறம், ஆகஸ்ட் வாக்குல தான் கேப்பாங்க. அவங்க சிஸ்டத்துக்கு அவங்களே அவ்ளோ நாள் பொறுக்கறப்ப எனக்கென்ன அவசரம்? நானும் போன்லயும் மேக்லயும் .1 இல்ல .2 வரைக்கும் விட்டுடறது. நண்பன் ஒருத்தன் பீட்டாவே (வெளியிடறதுக்கு முன்னாடி டெஸ்டுக்கு விடுறது) போடுவான், போட்டுட்டு பேட்டரி நிக்கலன்னு எனக்கு போன் பண்ணுவான், பவர் பேங்க்கோட தான் திரிவான்.

ஆனா ஒரேயடியா தள்ளிப்போடறதும் ஆகாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 தான் கடைசின்னு தேதி போட்டு, வீட்டு உபயோகத்துக்கு பதிஞ்சு வெச்சவங்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் பேட்ச்னு சொன்னாங்க. டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு சிப் இல்லாத, எட்டாவது தலைமுறைக்கு முந்தின இன்டெல் சிப் இருக்குற மெஷின விண்டோஸ் 11 வெளிய தள்ளிடுது, நல்லா ஓடிட்டு இருக்குற மெஷின குப்பைல போடவான்னு எனக்கு இன்னும் எரிச்சல் தான், என் பழசுல லினக்ஸ் போட்டுட்டேன். பேட்ச் நின்னுபோன சிஸ்டத்துல பேங்க் பாஸ்வேர்ட் அடிக்கிற தைரியம் எனக்கில்ல. போனும் அப்படித்தான், பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24லாம் ஏழு வருஷம்னு வாக்கு குடுத்திருக்காங்க, பழைய போனுக்கு அதெல்லாம் கெடையாது. பழைய போனுக்கு கடைசியா வர்ற பெரிய வெர்ஷன மட்டும் நான் சந்தேகத்தோட தான் பாப்பேன், ராம் திணறும், பேட்ச் பழைய வெர்ஷனுக்கே வந்துட்டு இருந்தா விட்டுடுவேன்.

போடறதுன்னு முடிவாச்சுன்னா சனிக்கிழம காலைல. பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, அதுல இருந்து ஒரு போட்டோவாச்சும் திறந்து பாக்கணும். லாகின் பண்றப்ப நம்பர் குடுக்குற ஓடிபி ஆப்போட பேக்கப் கோட பேப்பர்ல எழுதி வெக்கணும், இத நான் ஒரு தடவ மறந்து நாலு நாள் மெயில்குள்ள போக முடியாம அலைஞ்சேன். போட்டு முடிச்சு மொத ரெண்டு மூணு நாள் போன் சுடும், பேட்டரி கொட்டும், உள்ள போட்டோவெல்லாம் திரும்ப அடுக்கிட்டு இருக்கும், அத வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க.

அம்மா போனுக்கு மட்டும் என் கணக்கு வேற. அவங்களுக்கு பேட்டரி, டிரைவரெல்லாம் பிரச்சனையே இல்ல, பச்ச பட்டன் இருந்த எடத்துல இருக்கணும். ஒரு தடவ பெரிய வெர்ஷன் போட்டு, போன் எடுக்குறதுக்கு மேல தள்ளுறது போய் பக்கத்துல தள்ளுறதா மாறி, ஒரு வாரம் வந்த கால் எல்லாத்தையும் கட் பண்ணிட்டு இருந்தாங்க, சொந்தக்காரங்க ரெண்டு பேர் கோச்சுக்கிட்டாங்க. அதனால பெருசு வந்தா நான் பக்கத்துல உக்காந்து தான் போடறது.

இந்த தடவ மறுநாள் காலைல ஸ்கிரீன்ஷாட் அனுப்ப சொன்னேன், அது எடுக்கத்தெரியாம அப்பா போன்ல அம்மா போன போட்டோ எடுத்து அனுப்பினாங்க. வெறும் மாசாந்திர பேட்ச். "சார்ஜர்ல சொருகிட்டு போட்ருமா"ன்னேன். அர மணி நேரம் கழிச்சு கூப்பிட்டாங்க.

"ஏன்டா, எல்லாம் அப்படியே தானே இருக்கு, இவ்ளோ நேரம் என்னத்த மாத்தினான்?"