பத்தாவது கேள்வி

தோல் நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அறிய எங்கள் கிளினிக்கில் கொடுக்கும் வினாத்தாளில் பத்துக் கேள்விகள் உண்டு. 1994இல் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்ற இருவர் உருவாக்கிய அந்தத் தாளின் முதல் ஒன்பது கேள்விகள் நோயால் வரும் சிரமங்களைக் கேட்கின்றன. பத்தாவது, சிகிச்சையே எவ்வளவு தொல்லையாக இருந்தது என்று கேட்கிறது. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கும் அக்கா ஒருவர் அதற்கு "மிக அதிகம்" என்று அடையாளமிட்டிருந்தார். கைகளிலும் முதுகிலும் செதில் செதிலாகப் படர்ந்திருந்த சொரியாசிஸ் என்ற தோல்நோய், புறஊதாக் கதிரைத் தோலில் படவைக்கும் ஒளிச்சிகிச்சையால் பெரும்பாலும் அடங்கியிருந்த நேரம் அது.

"வருத்தம் குறைஞ்சிருக்கு டொக்டர், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. முந்தி தோல் மட்டும்தான் பிரச்சினை. இப்ப கிழமைக்கு மூணு நாள் பிந்திப் போய் முதலாளிக்கு முகம் குடுக்க ஏலாம இருக்கு. இதை நிப்பாட்டினா என்ன?"

ஒளிப்பெட்டிக்குள் நிற்பது சில நிமிடங்கள்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து வரிசையில் காத்திருப்பதில்தான் காலைப்பொழுது கரைகிறது. முதலாளிக்குக் கடிதம் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இது தொற்றாத நோய் என்று நான் எழுதினாலும், கடையில் உள்ளவர்கள் அவர் மடித்து வைத்த புடவையைத் தொட யோசிப்பார்களாம். பேசிக்கொண்டே விரல்களை மேசைக்குக் கீழே இறக்கினார். இரவில் பூசும் தார்க் களிம்பின் பழுப்பு நகக்கண்களில் ஏறியிருந்தது. முழங்கையை நீளக் கைச்சட்டை மறைக்கும், புடவையை விரித்துக் காட்டும் விரல்களை எதனால் மறைப்பது?

ஒளிச்சிகிச்சையையும் தாரையும் நிறுத்தி, கறைபடியாத வேறொரு களிம்பைக் கொடுத்தேன். இந்நோய்க்கு வாரம் ஒருமுறை விழுங்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரையை, ஈரல் பரிசோதனை முடிவுகள் சரியில்லாததால் அவருக்குத் தர வழியில்லை. அவருடைய உடம்பு, அவருடைய சம்பளம், அவர் கேட்டபடியே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முற்றாகக் குணமாகாத, மூட்டுகளையும் தாக்கக்கூடிய ஒரு நோயில், நன்றாகப் பலன் தந்த சிகிச்சையை நிறுத்தும் முடிவை எடுத்தது அவரா, நானா, நான் பார்த்தேயிராத அந்த முதலாளியா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

அடுத்த முறை வந்தபோது முழங்கைகளில் செதில்கள் திரும்பியிருந்தன, ஆனாலும் வினாத்தாளில் முப்பதுக்கு 14ஆக இருந்த மொத்தப் புள்ளி 8ஆக இறங்கியிருந்தது; புள்ளி குறைந்தால் பாதிப்பும் குறைவு என்று பொருள். என் முடிவு சரிதான் என்று அதைக் காட்டி நான் வாதிடலாம். ஆனால் விசேஷங்களுக்கும் வெளியிடங்களுக்கும் போவது பற்றிய கேள்விக்கு அவர் "பொருந்தாது" என்று போட்டிருந்தார். அந்தப் பதிலுக்குப் புள்ளி 0. கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டதால் அங்கே அவருக்குச் சிரமமும் இல்லை என்று தாள் கணக்கிட்டுக்கொள்கிறது. அப்படியானால் குறைந்தது துன்பமா, அவர் நடமாடும் உலகமா?

அதன்பின் ஓர் இளம் ஆசிரியை, பாடவேளைகள் தவறுகின்றன என்று இதே கோரிக்கையுடன் வந்தார். காலையில் விரல் மூட்டுகள் இறுகுவதாக அவர் சொன்னதால், சிகிச்சையை நிறுத்த நான் இணங்கவில்லை. மூட்டு மருத்துவரிடமும் அனுப்பினேன். மருத்துவ ரீதியில் அதற்குக் காரணம் இருந்தது. இருந்தும், அவரிடம் அவ்வளவு உறுதியாகப் பேசிய நான், அக்காவிடம் ஏன் அவ்வளவு விரைவாகத் தலையாட்டினேன் என்பதற்கு மூட்டுவலி மட்டும்தான் காரணம் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.