பின்கதவுல தொங்கின சில்ல சேஸிக்கு மாத்தின கதை

ஆடி பிறக்க முதலே எங்கட வீட்ட தண்ணிக் கான் கணக்கு தொடங்கிரும். கதிர்காமத்துக்கு நடந்து போற சாமிமார் உகந்தை முருகன் கோயில்ல தங்கி மறுகாதான் குமண காட்டுக்குள்ள இறங்குவாங்க, அவங்களுக்கு தண்ணியும் அவிச்ச கடலையும் கொண்டு போய் குடுக்கிறது அப்பா தொடங்கின வேலை, இப்ப நானும் மச்சானும் செய்றம். போற வாகனம் எங்கட பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டர் 110 ஜீப், 300 டிடிஐ டீசல் எஞ்சின். மட்டக்களப்புல இருந்து பொத்துவில் வரைக்கும் நூறு கிலோமீற்றருக்கு மேல நல்ல கார்பெட் ரோட்டு, பாணமைக்கு அங்காலதான் கிறவல், மணல், பள்ளம் எல்லாம் வரும்.

ரெண்டு வருசத்துக்கு முதல் ஆடியில அந்த கிறவல்ல போய்க்கிட்டு இரிக்கேக்க பின்னால டக் டக் எண்டு ஒரு சத்தம். கான் ஒண்டு சரிஞ்சிட்டு எண்டு நினைச்சி விட்டுட்டன். கோயிலடியில நிப்பாட்டி பின்கதவ திறந்தா கதவு ஒரு அங்குலம் கீழ இறங்கிட்டு, திருப்பி சாத்தினா லொக் பிடிக்குதில்ல. கயிறு போட்டு கட்டித்தான் வீட்ட கொண்டு வந்தம். மறுநாள் கதவுட உள் பக்கத்து மட்டைய கழட்டிப் பாத்தா, மேல் பிணைச்சலுக்கு பக்கத்துல இரும்பு பிரேம்ல விரல் நீளத்துக்கு வெடிப்பு, ஸ்பெயார் சில்லு பூட்டியிருந்த இடத்த சுத்தி அலுமினியத் தகடு கிழிஞ்சி இரிக்கு. உண்மையா மனசு நொந்து போச்சு, ஏனெண்டா அந்த வாகனத்துல அப்பாட கை பட்டிரிக்கு.

இதுல பிழை என்ட. சேத்துக்கு நல்லம் எண்டு 235/85 ஆர்16 மட் டயர் போட்டது நான், ஸ்பெயாரும் அதே சைஸ், இரும்பு ரிம்மோட. கழட்டி நெல்லு நிறுக்கிற தராசுல வெச்சா 39 கிலோ. அந்த கதவு வெளியால அலுமினியத் தகடும் உள்ளுக்க மெல்லிய இரும்பு பிரேமும்தான், அதுக்கு இந்த பாரம் கூட. பாரம் மட்டும் இல்ல, அது நிக்கிற தூரமும் இரிக்கு. தண்ணி நிறைஞ்ச குடத்த இடுப்புல வெச்சா அரை மைல் நடக்கலாம், அதையே கைய நீட்டி பிடிச்சா ஒரு நிமிசம் தாங்கேலாது, அதே மாதிரி சில்லுட நடு பிணைச்சல்ல இருந்து தள்ளி நிக்கிறதால கதவு ஒவ்வொரு குலுக்கத்துக்கும் பிணைச்சல முறுக்குது. கிறவல்ல நிமிசத்துக்கு எத்தின குலுக்கம். அதோட எங்கட கடக்காத்து உப்பு, இரும்பும் அலுமினியமும் தொடுற இடத்துல உப்பு ஈரம் பட்டா அலுமினியம் வெள்ளை மாவா கொட்டுண்டு போகும், அப்பிடி மெலிஞ்ச தகடுதான் முதல்ல கிழிஞ்சது.

சரி, சில்ல எங்க வெக்கிற? மச்சான் கூரைல போடுவம் எண்டான். 39 கிலோவ ரெண்டு பேர் தலைக்கு மேல தூக்கோணும், வாகனமும் மேல்பாரமாகி சரிவுல ஆடும், எனக்கு அது பிடிக்கல்ல. பொனட் மேல வெக்கிறது பழைய லேண்ட்ரோவர்கள்ல இருந்த முறைதான், ஆனா மண் ரோட்டுல முன்னுக்கு பள்ளம் பாக்கிறது கஷ்டம். அடியில கட்டினா மணல்ல இழுபடும். உள்ளுக்க வெச்சா மூண்டு கானுக்கு இடம் போகும். கடைசியா யோசிச்சி பாத்தா சில்லு பின்னாலேயே இரிக்கட்டும், பாரம் மட்டும் கதவுல இல்லாம சேஸில, அதாவது வாகனத்துட அடி இரும்புச் சட்டத்துல, நிக்கட்டும். அதுக்குத்தான் சுழண்டு திறக்கிற கேரியர் எண்டு சொல்றது, தனியா ஒரு இரும்புக் கை, முதல்ல அத திறந்து மறுகா கதவ திறக்கோணும்.

ஏறாவூர்ல வெல்டிங் பட்டறை வெச்சிரிக்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மார எங்கட பக்கம் இப்பிடித்தான் கூப்பிடுற) ஒருத்தரிட்ட போனன். அவர் ஜீப்ப சுத்திப் பாத்துட்டு சின்ன சுத்தியல் எடுத்து சேஸிட பின் குறுக்குச் சட்டத்த இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரை தட்டிக்கிட்டே போனார். "தம்பி, சத்தத்த கேளுங்க, மூலைல தகரம் மாதிரி கேக்குது, உள்ளால கறள் திண்டிரிக்கு, இத வெட்டி புதுசு போடாம மேல ஒண்டும் பூட்டேலாது" எண்டார். டிஃபெண்டர் வெச்சிரிக்கிறவங்க இத கட்டாயம் செய்ங்க, வெளியால பெயின்ட் நல்லா இரிக்கும், உள்ளுக்க சேறு தங்கி சட்டம் இத்துப் போயிரிக்கும். அதுக்கே ரெண்டு நாள் போச்சு.

கை சுழலுற அச்சுக்கு காக்கா எடுத்தது ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு கை உழவு மெசின்) இழுக்கிற பெட்டிட அச்சு முனையும், சில்லு பூட்டுற ஹப்பும். ரெண்டு பெயாரிங், கிறீஸ் அடிக்கலாம், தேய்மானம் வந்தா நட்ட இறுக்கலாம். வெறும் பைப்புக்குள்ள பைப்ப விட்டு செய்றவங்களும் இரிக்காங்க, மணல் போனா கொஞ்ச நாள்ல ஆடத் தொடங்கிரும். அச்ச வலப்பக்கம் வெச்சம், கதவுட பிணைச்சலும் வலப்பக்கம் எண்டதால ரெண்டும் ஒரே பக்கம் திறக்கும். கைக்கு ரெண்டு அங்குல பொக்ஸ் பார், அச்சு நிக்கிற அடித்தட்டு தடிச்ச பிளேட், அத சட்டத்துக்கு மேல மட்டும் ஒட்டாம பின்னால இன்னொரு பிளேட் குடுத்து போல்ட் போட்டு இறுக்கினம்.

இதுல எனக்கு விளங்கின முக்கியமான விசயம் இடப்பக்கத்து முனைதான். லொக் மட்டும் போட்டா போதும் எண்டு நான் நினைச்சன். காக்கா கேட்டார், "சாத்தினதுக்கு பிறகு அந்த முனை எதுல குந்துது?" அந்தரத்துல நிண்டா பழையபடி நீட்டின கைதான், பிணைச்சலுக்கு பதிலா அச்சு முறுகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால சட்டத்துல சரிவா ஒரு கட்டை வெச்சார், சாத்தேக்க கை அதுல கொஞ்சம் ஏறி குந்தும், மேல தடிச்ச ரப்பர், மறுகா இழுத்து இறுக்கிற லொக், அதுக்கும் மேல ஒரு பின். இப்ப பாரம் ரெண்டு முனையிலயும் சேஸில நிக்குது, சத்தமும் இல்ல.

சில்லு பூட்டுற தட்டுக்கு கொஞ்சம் அலைஞ்சம். இந்த வாகனத்துட சில்லுக்கு போல்ட் ஓட்டை அஞ்சு, அதுகள் நிக்கிற வட்டம் 165.1 மில்லிமீற்றர், பழைய இரும்புக் கடையில கிடைக்கிற ஹைலக்ஸ் ஹப் ஆறு ஓட்டை 139.7, பொருந்தாது. கடைசியா தேய்ஞ்ச பிரேக் டிரம் ஒண்ட வெச்சி ஓட்டைய குறிச்சி பிளேட்ல துளைச்சம். உயரம் பாக்கேக்க டயருட கீழ் விளிம்பு சட்டத்துக்கு கீழ போகாம பாத்தம், போனா ஆத்துப் பள்ளத்துல ஏறேக்க அதுதான் முதல்ல மண்ணுல குத்தும். டயர் 80 சென்ரிமீற்றர் அகலமான வட்டம், அதனால கொஞ்சம் கீழயும் வலப்பக்கமாவும் தள்ளி வெச்சி கண்ணாடில பின்ரோட்டு தெரியவும் கதவுட பிடி எட்டவும் இடம் விட்டம். பொக்ஸ் பாருக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டை, ரெட் ஒக்சைட் ரெண்டு கோட், அலுமினியம் தொடுற இடத்துக்கெல்லாம் ரப்பர் வாசர்.

திறந்த கை தானா ஆடாம நிக்கிறதுக்கும் ஒரு பின் போடுங்க. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல கதவு ஒரு பக்கம், 39 கிலோ சில்லு தொங்குற இந்தக் கை ஒரு பக்கம், நடுவுல சின்னப் பிள்ளைகள் நிண்டா யோசிச்சிப் பாருங்க. நாங்க முதல் நாளே போட்டம்.

ரெண்டு ஆடி போயிட்டு வந்தாச்சு. திருத்தின கதவு ஒரு விரல்ல சாத்தலாம், பிணைச்சல் அசையல்ல. போன முறை வந்து பாக்கேக்க அடித்தட்டுட முட்டுல மயிர் மாதிரி ஒரு வெடிப்பு இருந்திச்சி, காக்கா அத அரைச்சி திருப்பி ஒட்டி பக்கத்துல முக்கோணத் துண்டு ஒண்டு வெச்சார். இன்னும் ஒரு வேலை மிச்சம் இரிக்கு, கை நம்பர் தகட்ட பாதி மறைக்குது, தகட்ட கைக்கு மாத்தி அதுக்கு லைட்டும் இழுக்கோணும், வயர் சுழலுற இடத்துல அறாம எப்பிடி கொண்டு போறது எண்டு ஆராவது செஞ்சிரிந்தா சொல்லுங்க.