அரைப் பேர்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 22 வருடமாகக் கணக்கப்பிள்ளை வேலை பார்க்கிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுக்குப் பக்கத்திலேயே என் காலம் போயிருக்கிறது. எங்கள் டிவிசனில் ஒரு நாளில் 18 கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்.

2022 ஜூன். மூன்று நாளாக மழை விடவில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்கா அந்திக் கொழுந்தைக் கொண்டுவந்தார். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் வடிந்து சீமெந்துத் தரையில் ஓடியது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காம்பு கிழித்த கோடுகளில் மட்டும் கறுப்பாகக் கறை. தண்ணீருக்கும் சாக்குக்கும் கழித்தபின், அன்றைய மூன்று நிறையும் சேர்த்து 17 கிலோ.

"ஒரு கிலோதானுங்களே ஐயா" என்றார்.

நான் அரைப் பேர் போட்டேன். அப்போது நாட்சம்பளம் 1000 ரூபாய். 500 போனது. தண்ணீருக்கென்று நான் கழித்தது கண்மதிப்புதான். ஒரு கிலோ குறைத்துக் கழித்திருந்தால் அவருக்கு முழுப் பேர் கிடைத்திருக்கும். அது தெரிந்தேதான் எழுதினேன்.

அந்த ஞாயிறு போதகர் எடுத்த பகுதி மத்தேயு 20. விடியற்காலையில் வந்தவனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் திராட்சத்தோட்டத்துக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில் அந்த அக்கா என்னிடம் வந்தார். "அஞ்சு மணிக்கு வந்தவங்களுக்கும் முழுப் பேரு போட்டுட்டாரு பாத்தீங்களாய்யா!" குத்திக்காட்டிச் சொல்லவில்லை. முகமெல்லாம் சந்தோஷம். எனக்குத்தான் பதில் வரவில்லை.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. ஜெபித்த நாளுக்கு ஒரு கோடு, தவறிய நாளுக்குப் புள்ளி. உபவாசம், தசமபாகம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். புள்ளி விழுந்த வாரம் கர்த்தர் எனக்கு அரைப் பேர் போட்டுவிட்டார் என்றே குன்றிப்போவேன். கோடுகள் நிறைந்த வாரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பேன். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், பின்னதைத்தான் சொல்வேன்.

மோசே வழியாக வந்த கட்டளைகளான நியாயப்பிரமாணம் கெட்டதென்று அப்போஸ்தலன் பவுல் எங்கும் சொல்லவில்லை. கிறிஸ்துவினிடத்தில் நம்மை வழிநடத்துகிற உபாத்தி என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். நான் அதைத் தராசை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். தராசு குறையைக் காட்டும். சாக்கில் ஒரு கொழுந்தைக்கூடக் கூட்டித் தராது. குறைந்ததைத் தம் கையால் நிரப்புகிறவர் வேறொருவர். அப்படியானால் எப்படியும் வாழலாமா என்று வாலிபர் கூட்டத்தில் கேட்பார்கள். ரோமர் 6இல் பவுலே அதைக் கேட்டு, "கூடாதே" என்கிறார். பயந்து பயந்து கட்டம் நிரப்பிய காலத்தில்தான் நான் அந்த அரைப் பேரை எழுதினேன் என்பதை அவர்களுக்குச் சொல்வேன்.

ரோமர் 4இல் இன்னொரு வசனம். வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையாக எண்ணப்படாது, கடனாகவே எண்ணப்படும். மலையகத்தில் இதை உரக்க வாசிக்க வேண்டும். 1854இல் கோப்பித் தோட்டத் தமிழருக்காகத் தொடங்கிய மிஷனுக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர். பெயரில் கூலியை வைத்துக்கொண்டு, கூலியாகக் கிடைக்காத ஒன்றைச் சொல்ல வந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். ஆனால் மழையில் நனைந்தவளுக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தயவு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது தயவில்லை, கொடுக்க வேண்டிய கடன்.

கிலோக் கணக்கை மாற்ற என்னால் ஆகாது, அது துரைமார் முடிவு. இப்போதெல்லாம் மழை நாளில் சாக்கைத் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் அவர்கள் கண்முன்னால் நிறுக்கிறேன். நேரம் பிடிக்கிறது. கொழுந்து லொறிக்காரர் முணுமுணுப்பார்.

அந்த மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்று 500 ரூபாயை எடுத்துக்கொண்டு அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். "நான் தப்பா எழுதிட்டேன் அக்கா. இது உங்க காசு" என்றேன். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். நான் இன்னும் வாசல் இஸ்தோப்புக்கு வெளியிலேயே தூறலில் நின்றுகொண்டிருந்தேன்.

"உள்ளுக்கு வாங்கய்யா, நனையிறீங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கேத்தலை வைக்கப் போனார்.