வால்பாறை மலைச்சாலையில் ஒரு மறவனும் ஒரு சிலந்தியும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டி அருகே ஓடை கசிகிற ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டினோம். ஐப்பசி மாதம், இரவு பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது.

அந்த ஈரத்தில் ஏழெட்டு தமிழ் மறவன்கள் உப்பு உறிஞ்சிக்கொண்டிருந்தன. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்களே, அதேதான். ஆரஞ்சு இறக்கை, ஓரத்தில் கறுப்பு. நாலு காலில் நிற்பது போலத் தெரிந்தது. முன்னங்கால் இரண்டும் சிறுத்து, மார்போடு மடங்கியிருக்கும்.

ஆளரவம் கேட்டு எல்லாம் எழும்பின. அதில் ஒன்று நேரே போய் ஒரு வலையில் மோதியது. அப்போதுதான் வலையையே பார்த்தோம். இரண்டு புதருக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம், வெயிலில் மஞ்சளாக மின்னும் நூல். நடுவில் தலைகீழாக, கட்டைவிரல் நீள உடம்போடு ஒரு பெண் மரச்சிலந்தி.

நண்பன் குச்சியை எடுத்துவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குள் பூச்சி உதறிக்கொண்டு போய்விட்டது. இறக்கைச் செதில்கள் உதிர்ந்து நூலோடு நின்றுவிட்டதால் அதற்கு விடுதலை. கிட்டப் போய்ப் பார்த்தால் பசையில் ஆரஞ்சுப் பொடி.

அழகானதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டும் எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் உலகம் காலில்தான் இருக்கிறது. மறவனின் புழு நீரடிமுத்து இன மரங்களின் இலையைத் தின்று வளரும். இலை சரியானதா என்று தாய்ப்பூச்சி காலால் தொட்டுச் சுவை பார்த்துத்தான் முட்டையிடும். சிலந்திக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல். நூலின் அதிர்வைக் காலால் உணர்ந்துதான், மாட்டியது இரையா, காற்றில் விழுந்த சருகா என்று அறியும்.

பட்டு நூற்பதும் இரண்டுக்கும் தெரியும். மறவனுக்குப் புழுப்பருவத்தில் மட்டும், அதுவும் வாயருகிலிருந்து. கூட்டுப்புழுவாகத் தொங்க ஒரு சின்னப் பிடிமானம் செய்யும், அத்தோடு சரி. இந்தப் பெண் சிலந்தி வயிற்றின் பின்முனையிலிருந்து வாழ்நாள் முழுக்க நூற்கும். வலை கிழிந்தால் முழுவதையும் பிரிக்காது, கிழிந்த பக்கத்தை மட்டும் புதுப்பிக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது அறுந்த இடத்துக்கு மெல்ல நகர்ந்தது. நண்பன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு இன்னும் கிட்டக் குனிந்தான். "மேலே பாருடா, இன்னொண்ணு இருக்கு" என்றான். அரிசிமணி அளவில், சிவப்பாக, ஆண் சிலந்தி.