இந்தியன் ரோட்டில் பலகை அடித்த வீடுகள்

2012 செப்டம்பர், கனடாவின் விண்ட்ஸருக்குப் படிக்க வந்த முதல் வாரம். வாடகைக்கு வீடு தேடி நானும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனும் பல்கலைக்கழகத்தைச் சுற்றித் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தோம். ஒரு தெருவுக்குப் பெயர் இந்தியன் ரோடு. “நம்ம தெருடா” என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தால், நல்ல செங்கல் வீடுகள், வாசலில் மேப்பிள் மரம், எல்லாம் இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வீடு ஜன்னல் கதவு அத்தனையும் பிளைவுட் பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருக்கிறது. ஒன்றிரண்டு வீடு என்றால் யாரோ கடன் கட்டாமல் போய்விட்டார்கள் என்று நினைக்கலாம், இது வரிசையாக. நடுநடுவே ஒரே ஒரு வீட்டில் மட்டும் புல் வெட்டி, திரை போட்டு, ஆள் இருந்தது. கூரைகளுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்தால், ஆற்றைத் தாண்டி அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்குப் போகும் அம்பாசடர் பாலம், அதன் மேல் முட்டி மோதி நிற்கும் லாரிகள்.

கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒரு பேஸ்மென்ட் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா வயதானவர், இத்தாலியிலிருந்து சின்ன வயதில் வந்தவர். அவரிடம்தான் கேட்டேன், அந்தத் தெருவில் என்ன ஆச்சு என்று. “பாலத்துக்காரர் வாங்கிட்டார்” என்றார். பாலத்துக்குக் காரரா? பாலம் என்றால் எனக்குத் தெரிந்தது நெடுஞ்சாலைத் துறை, திறந்து வைத்த மந்திரி பெயர் போட்ட ஒரு கல்வெட்டு, அவ்வளவுதான். இரண்டு நாட்டுக்கு நடுவே ஆற்றின் மேல் நிற்கிற பாலம், இரு நாட்டு வணிகத்தில் ஏறக்குறைய கால்பங்கு அதன் மேல்தான் போகிறது, அது ஒரு குடும்பத்தின் சொத்து என்றால் நம்ப முடியவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு குப்பை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். பாலம் 1929 நவம்பரில் திறந்தது. நடுத் தாங்கல், அதாவது இரண்டு கோபுரங்களுக்கு இடைப்பட்ட நீளம், 564 மீட்டர், அன்றைக்கு உலகத்திலேயே நீளமான தொங்குபாலம், நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வரும் வரைக்கும். ஜோசப் போவர் என்ற வங்கிக்காரர் தனியார் பணம் திரட்டிக் கட்டினார். டெட்ராய்ட் மேயர் வேண்டாம் என்றபோது 1927-இல் ஊரில் வாக்கெடுப்பே வைத்தார்கள், மக்கள் பாலத்துக்கு ஆதரவாக வாக்கை அள்ளிக்கொடுத்தார்கள். பின்னால் பங்குகள் சந்தைக்கு வந்து, ஒரு கட்டத்தில் வாரன் பஃபெட் கையில்கூட ஒரு கணிசமான பங்கு இருந்து, 1979-இல் மேட்டி மொரூன் என்ற லாரி கம்பெனி முதலாளி மொத்தமாக வாங்கிவிட்டார். லாரி ஓட்டுகிறவருக்கே பாலமும் சொந்தம். வியாபாரமாகப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்ட வேண்டும் என்பது கம்பெனியின் திட்டம். அதற்காக இந்தியன் ரோட்டிலும் சுற்றியும் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை வாங்கினார்கள், இடிக்க அனுமதி கேட்டார்கள். 2007-இல் விண்ட்ஸர் நகரசபை அந்தப் பகுதியில் இடிப்பதற்கே கட்டுப்பாடு போட்டது. அதோடு நின்றது. குடியும் வைக்க மாட்டார்கள், இடிக்கவும் முடியாது. பழுது பாருங்கள் என்று நகரம் உத்தரவு போட, கம்பெனி வழக்குப் போட, 2016-இல் அது கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே போனதும் வீடுகளைப் பற்றி இல்லை, வழக்கை எந்தக் கோர்ட்டில் நடத்த வேண்டும் என்பதைப் பற்றி! அதற்குள் கூரை ஒழுகி, படிக்கட்டு இற்று, அணில் குடியேறிவிட்டது.

ராத்திரி லைப்ரரியில் இருந்து அந்த வழியாகத்தான் திரும்புவேன். பயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலகை அடித்த ஒரு வீட்டின் தபால் பெட்டி மூடி காற்றில் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், அந்த இடம் வந்தால் நடை தானாக வேகமாகும். வீட்டுக்கார அம்மா தன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடலாம் என்று இருந்தார். “யார் வாங்குவா? ராத்திரி பூரா லாரிச் சத்தம், அடுத்த தெரு சுடுகாடு மாதிரி இருக்கு, வாங்கினா அவர்தான் வாங்கணும், அவர் சொல்ற விலைக்கு” என்பார். எனக்கு வாடகை ஏன் இவ்வளவு மலிவு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த வருஷம் டெட்ராய்ட் டிவி சேனல்கள்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு, தேர்தல் நேரம், எதைத் திருப்பினாலும் பாலம். அரசாங்கம் கட்டப்போகும் புதுப் பாலத்துக்கு எதிராக விளம்பரத்துக்கு மேல் விளம்பரம். மக்கள் வாக்களிக்காமல் புது எல்லைப் பாலம் கட்டக் கூடாது என்று மிச்சிகன் மாநில அரசியலமைப்பையே திருத்தச் சொல்லி ஒரு தீர்மானம், அதற்கு மொரூன் தரப்பு செலவழித்தது 3 கோடி டாலருக்கு மேல். தோற்றது. 1927-இல் தனியாருக்குக் கைதூக்கிய அதே கரைதான்.

2024 அக்டோபரில் டொராண்டோவிலிருந்து காரில் போனேன். நான் படித்த காலத்தில் 401 நெடுஞ்சாலை முடிந்ததும் ஹூரோன் சர்ச் சாலைதான், சிக்னலுக்கு மேல் சிக்னல், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பதினெட்டுச் சக்கர லாரியும் ஒரே பச்சைக்குக் காத்திருப்பார்கள். இப்போது ஹெர்ப் கிரே பார்க்வே வந்திருக்கிறது, 11 கிலோமீட்டர், தரைக்குக் கீழே பள்ளமாக இறக்கி மேலே அங்கங்கே புல்மேடு போட்டு மூடியிருக்கிறார்கள். அதன் முனையில் அரசாங்கத்தின் அந்தப் புதுப் பாலம், பெயர் கோர்டி ஹோவ் பாலம். இரண்டு பக்கமும் 220 மீட்டர் உயரக் கோபுரம், கம்பிகள் விசிறி மாதிரி விரிந்து, அந்த ஜூனில்தான் இரண்டு கரையிலிருந்து வந்த தளமும் நடு ஆற்றில் சேர்ந்திருந்தது. நடுத் தாங்கல் 853 மீட்டர். அப்போது இன்னும் வண்டி விடவில்லை. மிச்சிகன் சட்டசபை பணம் தர மறுத்ததால் செலவு முழுக்க கனடாவுடையது, 640 கோடி கனடா டாலர். பாலம் மட்டும் கனடாவுக்கும் மிச்சிகனுக்கும் பொது. போட்ட பணத்தைக் கனடா சுங்கக் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு செலவழித்தார்கள் என்பதற்கு 2022 பிப்ரவரியைச் சொன்னால் போதும். கோவிட் விதிகளை எதிர்த்து லாரிகளும் பிக்கப் வண்டிகளும் அம்பாசடர் பாலத்து வாசலை ஆறு நாள் மறித்தன, இரண்டு பக்கத்துக் கார் தொழிற்சாலைகளிலும் ஷிஃப்ட் ரத்தானது. ஒரே குழாய், அதிலும் அடைப்பு.

இந்தியன் ரோட்டுக்குப் போனேன். பலகை வீடுகளில் பல இடிக்கப்பட்டு வெறும் புல்தரையாகக் கிடந்தன. புல்லுக்கு நடுவே ஒரு வாசற்படி மட்டும், மூன்று படி, மேலே வீடு இல்லை. தபால் பெட்டி வீடு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மா வீட்டில் இப்போது மாணவர்கள், வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு, பார்த்ததுமே நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்று தெரிந்துவிட்டது. அந்த அம்மா யாருக்கு விற்றார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து சாண்ட்விச் நடை தூரம். 1797-லேயே ஏற்பட்ட ஊர், அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஆறு கடந்து வந்த கறுப்பின மக்கள் கட்டிய பாப்டிஸ்ட் தேவாலயம் இன்னும் நிற்கிறது. ஒரு பக்கம் பழைய பாலம், இன்னொரு பக்கம் புதுப் பாலம், பெயரை வைத்து ஜோக் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. புதுப் பாலத்துக்கான பணத்தில் இரண்டு கரைக்கும் சேர்த்து 2 கோடி டாலர் அக்கம்பக்கத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். மொத்தச் செலவோடு பார்த்தால் கொசுறுதான். ஆனால் நான் இருந்தபோது அந்தத் தெருக்காரர்களுக்கு இப்படிக் கேட்கிற ஆளும் கிடையாது, போய் நிற்கிற மேஜையும் கிடையாது.

அப்படி எழுதிவிட்டு முடித்திருப்பேன், டெட்ராய்ட் பக்கம் புதுப் பாலம் இறங்கும் டெல்ரேக்குப் போகாமல் இருந்திருந்தால். டவுன்டவுனிலிருந்து சுரங்கப்பாதை பஸ் பிடித்து டெட்ராய்ட் போனேன். 1930-இல் திறந்த அந்தச் சுரங்கம் இரண்டு நகரங்களுக்கும் ஆளுக்குப் பாதி சொந்தம், இத்தனை காலத்தில் அதைப் பற்றி யாரும் சண்டை போட்டதாக நான் கேள்விப்படவில்லை. அங்கே ஒரு டாக்ஸி. ஓட்டுநர் அறுபது தாண்டியவர், டெல்ரே என்றதும் கண்ணாடியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பிறந்தது அங்கேதான்.

ஒரு காலத்தில் ஹங்கேரியர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. பிறகு உருக்காலை, கழிவுநீர் நிலையம், ஒவ்வொன்றாக வந்து உட்கார, ஆட்கள் கிளம்பினார்கள். மிஞ்சியிருந்த இடத்தில்தான் அமெரிக்கப் பக்கத்து எல்லைச் சோதனை வளாகம், 167 ஏக்கர். இங்கே பலகை அடிக்கவில்லை. அரசாங்கம் கையகப்படுத்தி, இழப்பீடு கொடுத்து, வீட்டை இடித்துச் சமப்படுத்திவிட்டது. ஓரத்தில் மிஞ்சியவர்களுக்கு வேறு பகுதியில் புதுப்பித்த வீட்டை மாற்றிக்கொள்ளும் திட்டம், இருப்பவர்களுக்கு சத்தம் தூசி தடுக்கும் ஜன்னல். எல்லாம் முறைப்படி, ரசீதோடு. தெரு மட்டும் இல்லை. தனியார் செய்ததற்கும் அரசு செய்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம்தான், பணம் கைக்கு வந்தது, கேள்வி கேட்க ஆள் இருந்தது, ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அங்கேயும் புல், இங்கேயும் புல்.

வேலி ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கையை நீட்டி, அங்கே ஒரு பேக்கரி, அதற்கு எதிரே என் சித்தி வீடு, என்று காட்டினார். அங்கே ஒரு கிரேனும் சரளைக் குவியலும் இருந்தன. பாலத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தனிப் பாதை விடுகிறார்கள் தெரியுமா என்று கேட்டேன். “தெரியும். நடந்து போய் கனடாவைப் பார்க்கணும்” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “இங்கிருந்து யார் நடக்கப் போறா என்பதுதான்” என்று சொல்லி மீட்டரைப் போட்டார்.

சாயங்காலம் சுரங்கத்தில் திரும்பும்போது கனடா அதிகாரி வழக்கமான கேள்வி கேட்டார், டெட்ராய்ட்டில் என்ன பண்ணினாய் என்று. பாலம் பார்க்கப் போனேன் என்றேன். எந்தப் பாலம் என்றார். இரண்டும் என்றேன். பாஸ்போர்ட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.