சர்க்கரை சரி, தாகம் மட்டும் தீரவில்லை

என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தலையில் அடிபட்டார். தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தத் தாகம் பிடித்தது. அதுவும் ஐஸ் தண்ணீர்தான் வேண்டும். இரவெல்லாம் குடிப்பதும் எழுந்து போவதுமாக இருந்தார். சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும், "இனிப்பு நீராத்தான் இருக்கும்" என்றார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை சரியாகவே இருந்தது.

"தண்ணியக் குறைங்கண்ணே" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். உடம்பில் நீர் தங்காதபோது குடிப்பதையும் குறைத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை கொண்டுபோய்விடும்.

கிளினிக் டாக்டர் 24 மணி நேரச் சிறுநீரை அளந்து எழுதி வரச் சொன்னார். பச்சைத் தண்ணீர் மாதிரி, நிறமே இல்லை. பெரியவர்களுக்கு 3 லிட்டரைத் தாண்டினாலே பார்க்க வேண்டுமாம். இவருக்கு 8 லிட்டர் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததுமே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

அங்கே சொன்ன பெயர் டயாபெட்டிஸ் இன்சிபிடஸ். சிறுநீரகம் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வாசோபிரசின் என்ற ஹார்மோன் வேண்டும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து அது வருகிறது. தலையில் அடி, கட்டி, அறுவை சிகிச்சை இவற்றால் அது குறையலாம். சிலருக்கு ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் கேட்காது. நெடுநாள் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு அப்படி ஆவதுண்டு.

எது என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் கொடுக்காமல் ஒரு சோதனை வைத்தார்கள். இதை வீட்டில் செய்யவே கூடாது. நர்ஸ் அடிக்கடி எடை பார்த்தார், ரத்தமும் சிறுநீரும் எடுத்தார். உதடு வெடித்து, "ஒரு வாய் கொடும்மா" என்று அவர் கேட்டபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவ்வளவு தாகத்திலும் சிறுநீர் வெளிறியே வந்தது. அப்புறம் அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரசின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சிறுநீர் மஞ்சளானது. ஹார்மோன் குறைவுதான் என்று உறுதியானது. எம்ஆர்ஐயும் எடுத்துப் பார்த்தார்கள்.

இப்போது டெஸ்மோபிரசின் மாத்திரைதான். இரவில் தூங்குகிறார். ஆனால் பழைய பழக்கத்தில் தாகமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்தால் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் உடனே போக வேண்டும். வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இந்த மருந்து விட்டுப்போகக் கூடாது. இனிப்பு நீர் என்று குழப்பிக்கொள்வதைத் தவிர்க்கவே 2022இல் மருத்துவர்கள் இவருக்கு வந்த வகைக்கு வாசோபிரசின் குறைபாடு என்று புதுப் பெயர் வைத்தார்கள். அவர் பர்ஸில் இருக்கும் அட்டையில் இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.